அப்பாவின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள்

நன்ட் க்வின், வடக்கு வேல்ஸ்
8 ஏப்ரல் 1973

மதிப்பிற்குரிய லுத்விகா அம்மையாருக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதத் தொடங்குகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் எலினெட். வயது இருபத்திரண்டு. வாலென்டி கவ்ரோன் எனக்கும் அப்பா.

இதை எப்படி எழுதினாலும் முரடாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா பிப்ரவரியில் காலமாகிவிட்டார். நுரையீரல். போர் முடிந்து இங்கே வந்தவர் கடைசிவரை மலைச்சரிவுகளில் மரம் நடும் வேலைதான் பார்த்தார். ஆனால் மாலையானால் பழையபடி பள்ளி வாத்தியார் ஆகிவிடுவார். இருபது வருடங்களாக ஒரு புத்தகம் எழுதினார். போலிஷ் பெயர்ச்சொல் ஒரு பக்கம், அதே பொருளுள்ள வெல்ஷ் பெயர்ச்சொல் எதிர்ப் பக்கம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, ஒருமையில் எப்படி, பன்மையில் எப்படி, வேற்றுமையில் எப்படி மாறும் என்று எழுதி, கீழே இரண்டு மொழியிலும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். எல்லாம் துண்டுத் தாள்களில் இருக்கிறது. சொற்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

சாவதற்குச் சில நாள் முன்பு என்னைக் கூப்பிட்டு, "எனக்கு அங்க ஒரு பொண்ணு இருக்கா. போலிஷ் டீச்சரா இருக்காளாம். அவ பார்த்துக் கொடுத்தாத்தான் இது சரியா இருக்கும்" என்றார். உங்கள் விலாசத்தையும் அவரே சொன்னார். அதுவரை உங்களைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

பக்கத்து ஊர் அச்சகத்தார் புத்தகம் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெல்ஷ் பக்கத்தை நான் பார்த்துவிட்டேன். போலிஷ் பக்கத்தைப் பார்க்க இந்த மலையில் ஆள் இல்லை. எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்த அளவுதான் தெரியும். இந்தக் கடிதத்திலேயே பிழை இருந்தால் திருத்தி மன்னியுங்கள்.

பணிவுடன்,
எலினெட் கவ்ரோன்

•

ஷெராட்ஸ், போலந்து
2 மே 1973

செல்வி எலினெட்டுக்கு,

என் உடல்நலம் விசாரித்ததற்கு நன்றி. உங்கள் கடிதம் வரும்வரை நன்றாகத்தான் இருந்தது.

பிழை இருந்தால் திருத்தச் சொன்னீர்கள். இருக்கிறது. எங்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இரண்டு மூன்று கிராமத்தார் மட்டும் செய்யும் பிழைகள். பட்டணத்துப் பிள்ளைகள் இப்படி எழுதினால் நான் சிவப்பு மையால் கோடு போடுவேன். என் அப்பா அந்தக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய பிழைகளை நீங்கள் அச்சு மாறாமல் கற்றிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லித்தர அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. 1939 செப்டம்பரில் அவர் ராணுவச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது எனக்கு நாலு வயது.

நவம்பர் மாதம் செத்துப்போனவர்களின் பெயர்களை எங்கள் ஆலயத்தில் பாதிரியார் உரக்க வாசிப்பார். எல்லா வீட்டாரும் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். என் பதினான்காவது வயதிலிருந்து அந்தப் பட்டியலில் வாலென்டி கவ்ரோன் என்ற பெயரும் வருகிறது. ஊரும் நானும் நம்பினோம். பதினெட்டாவது வயதில் அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து, "அவன் சாகலை. அங்க வேற குடும்பம் வச்சிருக்கான். வெளியில வாயைத் திறந்தே, தொலைஞ்சே" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உயிரோடிருக்கும் மனிதனுக்கு வருடாவருடம் ஆமென் சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அவமானத்தை மறைக்க அம்மா கண்டுபிடித்த வழி அது.

எங்களுக்கு ஒரு வார்த்தை எழுதாத மனிதர் மூவாயிரம் வார்த்தைகள் எழுதியிருக்கிறார். சந்தோஷம். வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

லுத்விகா கவ்ரொனுவ்னா

•

நன்ட் க்வின்
20 மே 1973

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களைச் சுகத்தோடு கண்டுகொள்ளட்டும். இங்கே மழை. அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி குறையில்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது என்று சொன்னால் அதற்கும் கோபப்படுவீர்கள். அதனால் சொல்லவில்லை. முதல் பெட்டியைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் அடுப்பில் போடுங்கள், பிரதி என்னிடம் இருக்கிறது.

எங்கள் மொழியில் பறவைகள் என்ற சொல்தான் முதலில் பிறந்தது. ஒற்றைப் பறவை என்று சொல்ல அதன் வாலில் ஒரு விகுதி ஒட்ட வேண்டும். குழந்தைகள் என்ற சொல்லும் அப்படித்தான். "கூட்டத்துலேருந்து பிச்செடுத்தாத்தான் இங்க ஒரு பிள்ளை கிடைக்கும்" என்று அப்பா சொல்வார். சகோதரி என்ற சொல்லுக்கு இரண்டு மொழியிலும் வேர் ஒன்றுதான் என்று அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். உங்கள் ஷோஸ்த்ராவும் எங்கள் ஹ்வாயரும் கேட்க எவ்வளவு தூரம், ஆனாலும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள்.

அப்பா இறந்த செய்தியை உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? அவர்களுக்கு என் வணக்கம்.

உங்கள்,
எலினெட் கவ்ரோன்

•

ஷெராட்ஸ்
17 ஜூன் 1973

செல்வி எலினெட்டுக்கு,

யாருக்கு யார் அக்கா? வேர் ஒன்றாக இருந்தால் உறவாகிவிடுமா? அப்பா என்ற சொல்லையும் புரட்டிப் பார்த்தேன். அதில் இரண்டு மொழிக்கும் வேர் வேறு வேறு. அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

பார்சலை நான் பிரிப்பதற்கு முன்பே சுங்கத்தில் பிரித்துவிட்டார்கள். திறந்து கிடந்ததைப் படித்தேன். வேலை நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல். மோசமாக இருந்திருந்தால் அன்றைக்கே குப்பையில் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கரடிக்கு அவர் எழுதிய குறிப்பை வகுப்பில்கூடச் சொன்னேன். எங்கள் முன்னோர் கரடியின் நிஜப் பெயரைச் சொல்லப் பயந்து தேன்தின்னி என்று கூப்பிட்டார்கள், கடைசியில் நிஜப் பெயரே மறந்துபோயிற்று, வெல்ஷ்காரர்கள் பயமில்லாமல் பழைய பெயரை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் ஒரு பெயரைச் சொல்லமாட்டோம். அவன், அந்த ஆள், போனவன். நவம்பரில் பாதிரியார் வாசிக்கும்போதுதான் அந்தப் பெயர் இருப்பதே நினைவுக்கு வரும்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். ஆப்பிள்: எலினெட் ஆப்பிளைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பாலம்: எலினெட் பாலத்தில் ஓடுகிறாள், நான் பின்னால் போகிறேன். முழங்கால்: எலினெட்டின் முழங்காலில் அடிபட்டது, நான் ஊதிவிட்டேன்.

என் முழங்காலிலும் அடிபட்டது.

பெட்டி முழுக்கத் தேடினேன். லுத்விகா ஒரு வாக்கியத்திலும் இல்லை. என் அம்மா ரொசாலியா இல்லை. இந்தத் தெரு இல்லை, இந்த ஆறு இல்லை. எங்கள் சொற்களை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய், எங்களை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வருடாவருடம் ஆறாம் வகுப்பில் ஓர் இலக்கண விதியை நடத்துகிறேன். ஆயிரம் பெண்கள் நின்றாலும் நடுவே ஒரே ஓர் ஆண் வந்து நின்றுவிட்டால் மொத்தக் கூட்டத்துக்கும் ஆண்களுக்குரிய பன்மைதான். பெண் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். விதி என்பேன். இந்தப் பெட்டியைப் படித்தபோது அவர்களுக்கு வேறு பதில் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

மிச்சத்தையும் அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.

லுத்விகா கவ்ரொனுவ்னா

•

ஷெராட்ஸ்
12 ஜூலை 1973

செல்வி எலினெட்டுக்கு,

திருத்திய தாள்கள் எல்லாம் இத்துடன். அப்படியே அச்சகத்தில் கொடுக்கலாம். கோடை விடுமுறை, வெயில் கடுமை, மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அம்மாவின் முட்டிவலி எப்படி?

லுத்விகா கவ்ரொனுவ்னா

•

நன்ட் க்வின்
5 ஆகஸ்ட் 1973

லுத்விகா அம்மையாருக்கு,

அம்மாவின் முட்டி நன்றாக இருக்கிறது. என் தலைதான் வெடிக்கிறது.

நம்பி அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். அவர்கள் எழுத்துக் கோத்து மாதிரித் தாள் அனுப்பிய பிறகுதான் படித்தேன். திருத்தச் சொன்னால் தீ வைத்திருக்கிறீர்கள்.

ரொட்டி: அம்மா ரொட்டியை மூன்றாக வெட்டி ஒரு துண்டைத் தொடாமல் வைப்பாள், அது காய்ந்து கோழிக்குப் போகும். மேலங்கி: அப்பாவின் மேலங்கியை விற்று எனக்குக் காலணி வாங்கினார்கள். கதவு: அவர் சாத்திவிட்டுப் போன கதவுக்கு நாங்கள் இரண்டு முறை வண்ணம் அடித்துவிட்டோம். ஆண்: ஆண் என்பவன் போகிறவன். முழங்கால்: என் முழங்காலை யாரும் ஊதவில்லை.

இப்படி அறுபதுக்கும் மேல். அவர் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, அந்த இடத்தில். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான். அவர் மண்ணுக்குள் இருக்கிறார். பதில் சொல்ல வாயில்லாத மனிதரை, அவருடைய புத்தகத்துக்குள்ளேயே, கட்டிவைத்து அடிக்கிறீர்கள். அவர் என் முழங்காலை ஊதினார் என்பது உண்மை. அதை அடிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? உங்களுக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைத்திருக்கக் கூடாதா?

எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டேன். இன்னொன்று. ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதுகிறீர்கள், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அவர் இறந்தது உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?

எலினெட் கவ்ரோன்

•

ஷெராட்ஸ்
24 ஆகஸ்ட் 1973

செல்வி எலினெட்டுக்கு,

சுகம்தான். கோபப்படுகிறவர்களுக்கு ரத்தம் நன்றாக ஓடுமாம்.

என் வாக்கியங்களில் பொய் ஒன்றைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று. காட்டினால் நானே அடித்துவிடுகிறேன். அவருடைய வாக்கியங்களும் உண்மைதான், என்னுடையவையும் உண்மைதான். உங்கள் உண்மை புத்தகத்தில் வரலாம், என் உண்மை குப்பைக்குப் போக வேண்டுமா?

கையெழுத்து விஷயம் ஒன்று நெடுநாளாக உறுத்துகிறது. எங்கள் மொழியில் கவ்ரோன் என்பது ஆணின் பெயர். அவன் மனைவி கவ்ரொனோவா. மகள் கவ்ரொனுவ்னா. விகுதியைப் பார்த்தாலே யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துவிடும். நீங்கள் வெறும் கவ்ரோன் என்று போடுகிறீர்கள். உங்கள் அம்மா என்ன போடுகிறார்? அதை நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. முட்டிவலி மட்டும்தான் எழுதுகிறீர்கள். இங்கே கவ்ரொனோவா ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள், ஆலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டவள். திருடிய சட்டை போட்டுக்கொள்ளலாம், அளவு மட்டும் சரியாக இருக்காது.

என் வாக்கியங்கள் இல்லையென்றால் என் திருத்தங்களும் இல்லை. அக்கரைக் கிராமத்துப் பிழைகளோடு புத்தகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

லுத்விகா கவ்ரொனுவ்னா

•

நன்ட் க்வின்
28 அக்டோபர் 1973

லுத்விகா அம்மையாருக்கு,

இந்தத் தடவை உங்கள் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை. இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணமும் கேட்காதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் எழுதினேன், கிழித்தேன்.

என் அம்மா என்ன பெயர் போடுகிறாள் என்று கேட்டீர்கள். க்ளாடிஸ் பிரிச்சர்ட். பிறந்தபோது வைத்த பெயர். சாகும்போதும் அதுதான் இருக்கும். அப்பா அவளைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டபோதெல்லாம், "எனக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்கா" என்று ஒரே பதில். மகள் இருக்கிறாள் என்பதைக்கூட அவளிடம் சொன்னதில்லை.

நான் வயிற்றில் இருந்தபோது எங்கள் ஊர் சபையின் மூப்பர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அம்மாவை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். "இது நெஜமா?" என்று கேட்டார் பெரியவர். அவளுக்கு ஞானஸ்நானத்தன்று ஜெபித்தவர்தான். அம்மா, "ஆமா" என்றாள். சபையிலிருந்து பெயரை வெட்டிவிட்டோம் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார்கள். முன்வரிசையிலிருந்து வாசல்வரை அவள் தனியாக நடந்து போனாள். அவளுடைய சொந்த அக்காகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அப்பா கத்தோலிக்கர், அந்தச் சபைக்காரர் இல்லை. அதனால் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் அன்றைக்கு மலையில் மரம் நட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடப் பதிவிலும் நான் பிரிச்சர்ட்தான். கவ்ரோன் என்பது பதினாறு வயதில் நானாக எடுத்து ஒட்டிக்கொண்டது. அவர் கொடுக்கவில்லை. திருடிய சட்டை என்றீர்கள், ஆமாம், திருடியதுதான். சின்ன வயதில் பிள்ளைகள் என்னை அப்பன் பெயர் சொல்லிக் கேலி செய்யும்போது, நான் மனதுக்குள் உங்கள் அம்மாவைத்தான் சபிப்பேன். முகம் தெரியாத ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் அம்மாவின் மோதிரத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று. இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை.

உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள். எல்லா வாக்கியங்களையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எலினெட்

•

ஷெராட்ஸ்
11 நவம்பர் 1973

எலினெட்,

உன் கடிதம் வந்து கிடைத்தது. திருடிய சட்டை என்று எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன், முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

அப்பா இறந்ததை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் வழுக்கிக்கொண்டே இருந்தேன். போன ஞாயிறு ஆலயத்தில் பெயர் வாசித்தார்கள். வழக்கம்போல அம்மா எழுதிக் கொடுத்திருந்தாள். வாலென்டி கவ்ரோன் என்று பாதிரியார் வாசித்தபோது, முதல் தடவையாக அது உண்மை, அது எனக்கு மட்டும்தான் தெரியும். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். அம்மா பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருந்தாள். "எப்ப?" என்றாள். பிப்ரவரி என்றேன். சீவுவதை நிறுத்தவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்காக நான் சண்டை போட்டிருக்கிறேன் என்று காட்ட நினைத்தேன். உன் புத்தகத்துக்கு எழுதிய வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ரொட்டி, மேலங்கி, கதவு. ஆண் என்பவன் போகிறவன் என்று படித்ததும் கத்தியை மேசையில் போட்டாள்.

"யாருடி உன்னை எனக்காக அழச் சொன்னது?" என்றாள். "அவன் போகலை. நான்தான் வராதேன்னேன்."

நாற்பத்தொன்பது இலையுதிர்காலத்தில் அவர், அடுத்த வசந்தத்துக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். எங்கள் தெருவில் அவரைப்போல ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டுத் திரும்பி வந்த இரண்டு பேரை அதற்குள் போலீஸார் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள், ஒருவர் வரவே இல்லை. எங்கள் வீட்டுக்கும் ஆள் வந்து அவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். அம்மா நேரே பாதிரியாரிடம் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஊர் முழுக்க ஆமென் சொல்லிவிட்டது. பிறகு யாரோ மூன்றாம் மனிதருக்கு எழுதுவதுபோல அவருக்கே எழுதினாளாம்: வாலென்டி காலமானார், ஆலயத்தில் பெயர் வாசித்தாயிற்று, இனி அவர் இந்தத் தெருவில் நடந்து வந்தால் பேய் என்றுதான் ஜனங்கள் ஓடுவார்கள்.

"வாத்தியார் ஆச்சே, புரிஞ்சுக்கிட்டான்," என்றாள். "பொழைச்சுக்கோன்னுதான் சொன்னேன். பொழைச்சுக்கிட்டான். அதுக்கும் எனக்கு வயிறு எரிஞ்சுது, அது வேற."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பன் நல்லவன்னு தெரிஞ்சா நீ எவகிட்டயாவது பெருமையா சொல்லியிருப்ப. கோபமா இருக்கிற பொண்ணு வாயைத் திறக்க மாட்டா. அதான் கோபத்தைக் கொடுத்து வளர்த்தேன். அவன் அங்க இருக்கறது வெளியில தெரியாததாலதான் காலேஜுல இடம் கெடைச்சுதா இல்லையா?"

இருபது வருடம். நான் என்னுடையது என்று நினைத்துச் சுமந்த கோபம், அம்மா கரண்டியில் ஊட்டிய மருந்து. வகுப்பில் நான் கடுகடுவென்று இருப்பதற்குக்கூட அதுதான் காரணம். ஒருவரையும் கட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டதற்கும் அதுதான். இப்போது நான் யார்மேல் கோபப்படுவது? உன் அப்பாமேல் முடியாது, உன்மேல் முடியாது. பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறவளோடு ஒரு வாரமாகப் பேச்சில்லை.

என் வாக்கியங்களை எடுத்துவிடு. அல்லது வைத்துக்கொள். எனக்குத் தெரியவில்லை.

லுத்விகா

•

நன்ட் க்வின்
3 டிசம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை யாருக்கு யார் அக்கா என்று கேட்கமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வெல்ஷில் சொன்னேன். பாதியில் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். எல்லாம் ஏற்கெனவே கழுவியவை. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "வராதேன்னு சொன்னவ, நீ இனிமே என் புருஷன் இல்லைன்னு இன்னொரு வரி சேர்த்து எழுதியிருந்தா என்னவாம்? என்னை அந்தக் கோயில்ல நிக்க வச்சுக் கேட்டிருப்பாங்களா?"

நியாயம்தானே? அப்பாவும் உங்கள் அம்மாவும் கடல் தாண்டி ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்கள். பெரிய தியாகம். அந்தத் தியாகத்துக்கு விலை கொடுத்தது என் அம்மா, நீங்கள், நான். நம் மூவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்பாமேல் கோபம் வருவது இதுதான் முதல் தடவை. பழக்கமில்லாததால் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உங்களால் எப்படி இருபது வருடம் முடிந்தது?

வாக்கியங்களுக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அவருடையது மேலே, உங்களுடையது கீழே. இரண்டும் வரும். அச்சகக்காரர் பக்கம் கூடுகிறது என்று முனகுகிறார், முனகட்டும்.

இன்னொரு சிக்கல். ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டே இல்லை என்று அவர் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். விதவை. போலிஷில் வ்தோவா, வெல்ஷில் க்வெதூ. இரண்டும் ஒரே வேர், லத்தீனிலும் அதுதான், சமஸ்கிருதத்தில் விதவா என்று அப்பா விரிவாக எழுதியிருக்கிறார். பன்மை, வேற்றுமை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வாக்கியம் எழுத வேண்டிய இடம் மட்டும் இரண்டு பக்கமும் வெறுமை. மூவாயிரம் சொற்களில் இது ஒன்றுதான் இப்படி. சொல்லையே எடுத்துவிடலாம் என்கிறார் அச்சகக்காரர். எடுக்க எனக்கு மனமில்லை, எழுதக் கையும் வரவில்லை. போலிஷ் பக்கத்தை நீங்கள் நிரப்புவீர்களா?

உங்கள் தங்கை,
எலினெட்

•

ஷெராட்ஸ்
14 ஜனவரி 1974

அன்புள்ள எலினெட்டுக்கு,

இங்கே பனி. சாப்பிடுகிறேன். புது வருடத்தில் நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இதைச் சடங்குக்காக எழுதவில்லை.

நீ கேட்ட வாக்கியத்துக்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விதவை கறுப்பு உடுத்தினாள், விதவைக்கு ஓய்வூதியம் வந்தது என்று பாடப்புத்தகத்தில் வரும் மாதிரிதான் வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் அம்மாவிடம் போனேன். நவம்பருக்குப் பிறகு உப்பு எடு, கதவைச் சாத்து என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. தாளைக் காட்டி, இந்த ஒரு சொல்லுக்கு அவர் வாக்கியம் எழுதவில்லை என்றேன். அம்மா தாளைக் கையில் வாங்கி அவருடைய கையெழுத்தைப் பார்த்தாள். யோசிக்கவெல்லாம் இல்லை. உடனே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்:

கணவன் உயிரோடு இருந்தவரை அவள் விதவையாக இருந்தாள்.

பிள்ளைகள் படித்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார்களே என்றேன். "பிழை இல்லைன்னு அடிக்குறிப்பு போடு, நீதான் டீச்சராச்சே" என்றாள். பிறகு, "அந்தப் பொம்பளையை ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லு. அந்தப் பக்கம் அவளுது" என்றாள். உன் அம்மாவை அவள் இதற்கு முன் குறிப்பிட்டதே இல்லை. அன்பாகச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி சேர்த்திருக்கலாமே என்று உன் அம்மா கேட்டதையும் சொன்னேன். "சேர்த்திருக்கலாம்தான். மனசு வரலை" என்றாள். நான் அதற்கும் சண்டை போட்டேன்.

உன் அக்கா,
லுத்விகா

•

நன்ட் க்வின்
10 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்களுக்கு இருமல் இருந்தால் தேன் போட்டு ஏதாவது குடியுங்கள்.

உங்கள் அம்மாவின் வாக்கியத்தை வெல்ஷில் பெயர்த்து என் அம்மாவுக்குப் படித்தேன். மனசு வரலை என்றதையும் சொன்னேன். "அதையாவது நெஜமாச் சொன்னாளே" என்றாள். மறுநாள் காலையில் தானாகவே அப்பாவின் சவ அடக்கத்தைப் பற்றிப் பேசினாள். அன்றைக்கு நான் முன்வரிசையில் மகளாக உட்கார்ந்திருந்தேன், அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடக்க வேலை பார்க்க வந்த ஆள் வாசலில் அவளை நிறுத்தி, "நீங்க அவருக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டிருக்கிறான். சபையின் மூப்பர்கள் இரண்டு பேர் அங்கேயே நின்றிருக்கிறார்கள். பக்கத்து வீடு என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். ஒரு வருடமாக இதை என்னிடம் சொல்லவில்லை.

வெல்ஷ் பக்கத்துக்கு அவள் சொன்ன வாக்கியம் இது:

இருபத்திரண்டு வருடம் அவனோடு வாழ்ந்தவளை யாரும் விதவை என்று கூப்பிடவில்லை.

அச்சகக்காரர் நேற்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். புத்தகம் முழுக்க இடது பக்கம் என்ன இருக்கிறதோ அதுதான் வலது பக்கமும் இருக்கிறது, இந்தச் சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கிறதே, எது சரியான மொழிபெயர்ப்பு என்று கேட்டார். இரண்டும் சரிதான், ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, உள்ளே எழுத்துக் கோப்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்பா அந்த இடத்தை மறந்து விட்டிருப்பார் என்று இதுவரை நினைத்தேன். மறக்கவில்லை. அவருக்கு இரண்டு வாக்கியமும் தெரியும். எழுதத் துணிச்சல் இல்லாமல் நமக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதை நினைத்தால் கல்லறைக்குப் போய் நின்று சத்தம் போட வேண்டும் போலிருக்கிறது. போகத்தான் போகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நீங்களும் வரும் நாளில் மூவரும் சேர்ந்து சத்தம் போடலாம்.

புத்தகம் ஈஸ்டருக்குள் வந்துவிடும். அட்டையில் அவர் பெயருக்குக் கீழே சரிபார்த்தவர்கள் என்று நம் இருவர் பெயரையும் போடச் சொன்னேன். உங்களுடையதை உங்கள் விகுதியோடு, பிழையில்லாமல் கோக்கச் சொல்லியிருக்கிறேன். என்னுடையது இதோ.

உங்கள் தங்கை,
எலினெட் பிரிச்சர்ட்